இறங்குபவருக்கு மட்டுமா பயிற்சி? அடைபட்ட இட வேலையும் அதற்கான தகுதியும்

தொட்டி, மேன்ஹோல் போன்ற அடைபட்ட இடங்களில் நடக்கும் சாவுகளைப் பற்றி அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. அதிலிருந்த ஒரு கணக்கை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக உள்ளே போனவர்களே இல்லை. அவர்களைக் காப்பாற்றப் போனவர்கள்.

இது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்ப்பது கடினமில்லை. ஒருவர் தொட்டிக்குள் இறங்கி மயங்கிச் சாய்கிறார். மேலே நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. கால் தவறி விழுந்திருப்பார் என்று நினைத்துத் தானும் இறங்குகிறார். ஏணியின் கடைசிப் படியைத் தொடுவதற்குள் அவரும் சரிகிறார். மூன்றாவது ஆள் ஓடி வருகிறார். இந்த மூவருமே தொழில் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பம்ப் மாட்டத் தெரியும், வெல்டிங் தெரியும், பத்து வருடமாக இதே தொட்டியைக் கழுவியிருப்பார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஒன்றும் ஆகாததுதான் மூவரையும் உள்ளே இறக்கியிருக்கிறது.

அடைபட்ட இட வேலைக்கான பயிற்சி என்றவுடன் உள்ளே இறங்குபவருக்கு என்ன சொல்லித் தருவது என்றுதான் பெரும்பாலானோர் யோசிக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பயிற்சியின் பெரும் எடை வெளியே நிற்பவர் மீதும், இறங்கலாம் என்று கையெழுத்துப் போடுபவர் மீதும்தான் விழ வேண்டும். சட்டங்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறைதான் தலைகீழாக இருக்கிறது.

எது அடைபட்ட இடம்?

களத்தில் 'கன்ஃபைன்டு ஸ்பேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1993-இல் கொண்டுவந்த விதி இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது. ஓர் ஆள் உடலோடு உள்ளே போய் வேலை செய்யும் அளவு இடம் இருக்க வேண்டும். போக வர வழி சுருக்கமாக இருக்க வேண்டும். ஆட்கள் தொடர்ந்து இருப்பதற்காகக் கட்டப்படாத இடமாக இருக்க வேண்டும். இந்த மூன்றோடு நச்சுக் காற்று, புதைந்துபோகும் வாய்ப்பு, உள்நோக்கிக் குறுகும் சுவர் போன்ற ஆபத்து ஏதாவது ஒன்று சேர்ந்தால் எழுத்துப்பூர்வ அனுமதி, அதாவது பெர்மிட், இல்லாமல் யாரும் நுழையக் கூடாது.

பிரிட்டனின் 1997-ஆம் ஆண்டு விதிகள் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. இடம் ஓரளவு மூடியிருந்தால் போதும். அங்கே தீ, வாயு, மூச்சுக்காற்றுக் குறைவு, தாங்க முடியாத வெப்பம், நீரில் மூழ்குதல், தானியம் போன்ற பொருளில் புதைதல் இவற்றில் ஒன்று நடக்கக்கூடும் என்று எதிர்பார்க்க முடிந்தால் அது அடைபட்ட இடம். எனக்கு இந்த வரையறைதான் பிடித்திருக்கிறது. மேல்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும் தொட்டியும் பள்ளமும் இதில் வந்துவிடும். வானம் தெரிகிறதே, இங்கே என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு பலரை ஏமாற்றியிருக்கிறது.

மேன்ஹோல், கழிவுநீர்த் தொட்டி, கொதிகலன், தானியக் குதிர், நொதிக்கும் தொட்டி, கப்பலின் அடித்தளத் தொட்டி, நங்கூரச் சங்கிலி அறை எல்லாம் பட்டியலில் உண்டு. இவை பரவாயில்லை, பார்த்தாலே சந்தேகம் வரும். நேற்றுவரை சாதாரணமாக இருந்து, இன்று செய்யும் வேலையால் ஆபத்தாக மாறும் இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் தின்னர் கலந்த பெயின்ட் அடிப்பது, குழாய்க்குள் ஆர்கான் வாயுவை விட்டு வெல்டிங் செய்வது, தண்ணீர் இறைக்கிறேன் என்று பெட்ரோல் எஞ்சினைக் குழிக்குள் இறக்குவது எல்லாம் அப்படி. அதனால் பயிற்சியின் முதல் பாடம் அடையாளம் காண்பது. அது உள்ளே போகாதவர்களுக்கும் வேண்டும். காவலாளியும் துப்புரவுப் பணியாளரும்கூட 'இதற்குள் தலையை விடக் கூடாது' என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். ஓஷா கணக்கில் 19.5-க்குக் கீழே போனால் குறைவு, 23.5-க்கு மேலே போனால் அதிகம். இரண்டுமே ஆபத்து. கட்டிங் டார்ச்சின் ஹோஸை இரவு முழுக்க உள்ளே போட்டுவிட்டு வந்து, கசிந்த ஆக்சிஜன் நிறைந்திருக்கும் தொட்டியில் காலையில் தீப்பொறி பட்டால் உடுத்திய துணியே குப்பென்று பிடித்துக்கொள்ளும். குறைந்தால் நடப்பது வேறு. 16 சதவீதத்துக்குக் கீழே யோசிக்கும் திறனும் கைகால் ஒத்துழைப்பும் குலையும். 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடுவார்.

ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுத் திணறும், உடனே வெளியே வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பயிற்சி உடைக்க வேண்டிய நம்பிக்கை இது. மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் கொண்டுவருவது இரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜன் நிறைந்த தொட்டியில் ஒருவர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிவிடும். உடல் எந்த அபாய மணியும் அடிக்காது. அவருக்குத் தலை சுற்றியதுகூடத் தெரியாமல் போகலாம். பரிதாபம் என்னவென்றால், 'உள்ளே போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது' என்று சொல்லும் அனுபவசாலிக்கு இதை நம்புவது மிகக் கடினம்.

மூக்கையும் நம்ப முடியாது. கழிவுநீரிலும் சேற்றிலும் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று ஆள் தெம்பாக இறங்குவார். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம், 1,000-ஐ ஒட்டினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார். சேறு அசையாமல் கிடக்கும்வரை வாயுவை அளக்கும் மீட்டர் சுத்தமாகவே காட்டும் என்பது அடுத்த சிக்கல். கால் வைத்துக் கிளறியதும் அடியில் சிறைப்பட்டிருந்த வாயு குபுகுபுவென்று வெளியேறும். ஆகவே இறங்கும் முன் ஒருமுறை அளந்தது போதாது. ஆள் உள்ளே இருக்கும்வரை மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த வாயுவும் ஊற்றாமலே காற்று கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பல மாதம் மூடிக் கிடந்த வெறும் இரும்புத் தொட்டியில் துருவைத் தவிர ஒன்றுமே இருக்காது, ஆள் பிழைக்கும் அளவுக்கு ஆக்சிஜனும் இருக்காது. கப்பலில் ஏற்றிய மரக்கட்டையும் நிலக்கரியும் இதையே செய்யும்.

மீட்டரைப் பிடிப்பதும் ஒரு தொழில்தான்

கேஸ் மீட்டரை ஆன் செய்து எண்ணைப் படிக்க ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்த எண்ணை எப்போது நம்பக் கூடாது என்று தெரிவதுதான் தகுதி. எரியும் வாயுவை அளக்கும் வழக்கமான சென்சார் உள்ளுக்குள்ளே அந்த வாயுவை எரித்துப் பார்த்தே அளவைச் சொல்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் மீத்தேன் நிரம்பியிருந்தாலும் அது குறைவாகவே காட்டும். முதலில் ஆக்சிஜன், அப்புறம் எரியும் வாயு, அப்புறம் நச்சு வாயு என்று விதிகள் வரிசை சொல்வது இதனால்தான். மனப்பாடம் செய்தவர் வரிசையைச் சொல்வார். காரணம் தெரிந்தவர், ஆக்சிஜன் எண் குறைந்திருக்கும்போது பக்கத்தில் தெரியும் பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவார்.

மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனமானது, அடியில் படியும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடைதான், எங்கும் கலக்கும். மூடியைச் சற்றே திறந்து வாசலில் மட்டும் அளந்துவிட்டுப் போவது அளக்காமல் போவதைவிட மோசம், பொய்யான தைரியம் தந்துவிடும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். நீளமான குழாய் மூலம் காற்றை இழுத்து அளக்கும்போது அந்தக் காற்று சென்சாரை வந்தடைய நேரம் எடுக்கும். அவசரப்பட்டால் போன மட்டத்துக் காற்றைத்தான் படித்துக்கொண்டிருப்போம். வேலைக்கு முன் தெரிந்த அளவு வாயுவைக் காட்டி மீட்டர் அலறுகிறதா என்று சோதிக்கும் 'பம்ப் டெஸ்ட்' (bump test) செய்ய வேண்டும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே பட்டால் சில சென்சார்கள் செத்துவிடும். திரையில் எண் அழகாகத் தெரியும், ஆனால் மீட்டருக்கு உயிர் இருக்காது.

முகமூடி விஷயத்திலும் இதே கதை. வடிகட்டி வைத்த மாஸ்க் காற்றிலுள்ள குறிப்பிட்ட நச்சைப் பிடித்து வைக்கும். இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரோ, வெளியிலிருந்து குழாயில் வரும் காற்றோதான் வேண்டும். சிலிண்டரில் 30 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் பதற்றத்தில் மூச்சு வாங்கும் ஆளுக்கு அது சீக்கிரமே தீரும். தாடியோடு மாட்டினால் ஓரத்தில் கசியும். வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தால் இதெல்லாம் பதியாது. மாட்டிக்கொண்டு, இருட்டில், குறுகலான வழியில் ஊர்ந்து பழகினால்தான் வரும். அப்போதே தெரிந்துவிடும், யாருக்கு மூடிய இடத்தில் பயம் வருகிறது, யாருக்கு உடல்நிலை ஒத்துழைக்காது என்று. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் பயிற்சிக் கூடம்.

வெளியே நிற்பவர்

ஓஷா விதி மூன்று பாத்திரங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது: உள்ளே நுழைபவர், வெளியே காவல் நிற்பவர், நுழைவு மேற்பார்வையாளர். களத்தில் காவல் நிற்பவரை 'ஸ்டான்ட்பை' என்றோ 'ஹோல் வாட்ச்' என்றோ சொல்வார்கள். பல இடங்களில் இந்த வேலை யாருக்குப் போகிறது? அன்றைக்கு வேறு வேலை இல்லாதவருக்கு, புதிதாகச் சேர்ந்தவருக்கு, கூலி குறைந்தவருக்கு. சும்மா நிற்கிற வேலைதானே என்ற எண்ணம்.

விதி அவரிடம் கேட்பதைப் பார்த்தால் அது சும்மா நிற்கிற வேலையாகத் தெரியவில்லை. உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று எந்த நொடியிலும் சொல்லத் தெரிய வேண்டும். பேச்சு குழறுகிறதா, பதில் தாமதமாகிறதா, நடத்தை மாறுகிறதா என்று கவனித்து, நச்சின் முதல் அறிகுறியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபத்து தெரிந்தால் எல்லோரையும் வெளியே வரச் சொல்ல வேண்டும். மாற்று ஆள் வராமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது. கவனத்தைக் கலைக்கும் வேறு எந்த வேலையையும் செய்யக் கூடாது, 'அந்த ஸ்பேனரை எடுத்து வா' என்று மேலதிகாரி சொன்னாலும். உள்ளே இருப்பவர் சாய்ந்தால் வெளியிலிருந்தே, கயிற்றை இழுக்கும் கருவியான விஞ்சைச் சுற்றித் தூக்க வேண்டும், மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். கண்ணெதிரே கூட்டாளி விழுந்து கிடக்கும்போது தானும் இறங்காமல் நிற்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மனித இயல்புக்கே எதிரானது. ஒரு மணி நேர உரையைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவரால் இதைச் செய்ய முடியாது. பொம்மையை உள்ளே போட்டு, ஒத்திகையில் பலமுறை கையாண்டு, விஞ்சின் கைப்பிடி தானாகவே கைக்கு வரும் நிலைக்குப் பழகினவரால்தான் முடியும்.

மேற்பார்வையாளரின் தகுதி வேறு வகை. பெர்மிட்டில் எழுதியதெல்லாம் களத்தில் நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. தொட்டிக்கு வரும் குழாயில் வால்வை மூடினால் போதுமா, தகடு வைத்து அடைத்தார்களா? உள்ளே சுழலும் துடுப்பின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டார்களா, சாவி யாரிடம்? ப்ளோயர் இழுக்கும் காற்று சுத்தமான இடத்திலிருந்து வருகிறதா, இல்லை ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்திலிருந்தா? எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆள் இறங்காமலே இந்த வேலையை முடிக்க முடியாதா? பிரிட்டன் விதிகள் தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான். மேலிருந்தே கேமரா விட்டுப் பார்க்கலாம், நீரைப் பீய்ச்சிக் கழுவலாம் என்றால் நுழையவே கூடாது.

சிங்கப்பூரின் 2009 விதிகள் இந்தப் பொறுப்பை இன்னும் உடைக்கின்றன. மேற்பார்வையாளர் பெர்மிட் கேட்பார், தனியாகப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு மதிப்பீட்டாளர் காற்றை அளந்து பரிசீலிப்பார், அதிகாரமுள்ள மேலாளர் வழங்குவார். வேலையை முடிக்கும் அவசரத்தில் இருப்பவரே காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லும் நிலை இதில் வராது. இந்தியாவில் 1948-இல் எழுதப்பட்டு 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே இந்தச் சிந்தனையின் விதை இருந்தது. தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், அல்லது உள்ளே போகிறவர் மூச்சுக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது அது.

மீட்புக்கு யார்?

'ஏதாவது ஆனால் தீயணைப்புத் துறைக்கு போன் செய்வோம்' என்பது மீட்புத் திட்டம் ஆகாது. ஆக்சிஜன் நின்றுபோன மூளை நான்கு முதல் ஆறு நிமிடத்தில் சேதமடையத் தொடங்கிவிடும். எந்த ஊர்தியும் அதற்குள் வந்து, கருவியை மாட்டி, இறங்கித் தூக்க முடியாது. பிரிட்டன் விதிப்படி மீட்பு ஏற்பாடு தயாரான பிறகுதான் முதல் ஆள் நுழையலாம். ஓஷா முதலில் கேட்பது யாரும் இறங்காமலே தூக்கும் ஏற்பாட்டை: மார்பிலோ உடல் முழுக்கவோ கட்டிய ஹார்னஸ் வார், அதிலிருந்து வெளியே வரும் கயிறு, ஐந்தடிக்கு மேல் ஆழமென்றால் டிரைபாட் முக்காலியும் விஞ்சும் போன்ற தூக்கும் கருவி. சொந்த மீட்புக் குழு இருந்தால் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது, அதே போன்ற இடத்தில், ஆளையோ பொம்மையையோ தூக்கிப் பழக வேண்டும்.

கடலில் இது இன்னும் கடுமை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் உடன்படிக்கையின்படி 2015 முதல், அடைபட்ட இடங்களில் நுழையும் அல்லது மீட்கும் பொறுப்புள்ள கப்பல் பணியாளர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையில் பங்கேற்க வேண்டும். நடுக்கடலில் கூப்பிட்டால் வர யாரும் இல்லை என்பது அதற்கு ஒரு நல்ல காரணம். கரையில் இருக்கும் பல தொழிற்சாலைகளுக்கும் அந்த நான்கு நிமிடத்துக்குள் வர யாரும் இல்லை.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

பயிற்சி எப்போது தர வேண்டும் என்பதில் ஓஷா ஆண்டுக் கணக்கு வைக்கவில்லை. பொறுப்பை முதன்முதலில் ஒப்படைக்கும் முன், பொறுப்பு மாறும் முன், வேலையில் புதிய ஆபத்து நுழையும்போது, ஆள் நடைமுறையை மீறினாலோ அறிவு போதவில்லை என்று தெரிந்தாலோ மீண்டும் தர வேண்டும். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பயிற்சிச் சான்று அட்டையில் அச்சிடும் காலக்கெடு பெரும்பாலும் பயிற்சி நிறுவனங்களும் சில நாட்டு ஏற்பாடுகளும் வைத்துக்கொண்டது. அதில் தவறில்லை. ஆனால் அட்டை காலாவதியாகவில்லை என்பதால், இதுவரை நீர்த்தொட்டியில் மட்டுமே இறங்கியவரை ரசாயனத் தொட்டிக்கு அனுப்புவது விதியின் உயிரையே எடுத்துவிடுவதாகும். பிரிட்டனில் குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்து என்று பயிற்சியையே பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் வகை அட்டை மூன்றாம் வகை இடத்துக்குச் செல்லாது.

கட்டுமானத் துறைக்கு ஓஷா 2015-இல் தனி விதி கொண்டுவந்தது. அதில் வரும் தகுதியுள்ள நபருக்கு இரண்டு அடையாளம்: ஆபத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், அதை உடனே சரிசெய்யும் அதிகாரமும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நிறுவனங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. வேலையை நிறுத்தச் சொன்னால் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள் என்ற பயத்தில் இருப்பவருக்கு எத்தனை சான்றிதழ் இருந்தும் பயனில்லை. அதே விதி, பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் புரியும் சொல்லிலும் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் படக்காட்சி ஓட்டி, ஆங்கில வினாத்தாளில் 'சரி' போட வைத்து, எல்லோரும் தேர்ச்சி என்று எழுதுவது இந்த விதிப்படி பயிற்சியே ஆகாது. பல மொழிக்காரர்கள் கலந்து வேலை செய்யும் இடத்தில் வெளியே நிற்பவரும் உள்ளே இருப்பவரும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கைமாறும் வேலைகளில்தான் இதெல்லாம் அதிகம் சறுக்குகிறது. தொட்டியின் சொந்தக்காரருக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியும், பயிற்சி பெற்ற ஆள் இருக்காது. ஒப்பந்தக்காரரிடம் அட்டை வைத்திருக்கும் ஆள் இருப்பார், அந்தத் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓஷா விதி இருவரும் தகவலைப் பரிமாறிக்கொள்வதைக் கட்டாயமாக்குகிறது. வேலை தரும் இடத்தில் இருப்பவர் அட்டைகளின் நகலை வாங்கிக் கோப்பில் போடுவதோடு நிறுத்தாமல், மூடியைத் திறக்கும் முன் காவல் நிற்கப்போகிறவரிடமே சில கேள்விகள் கேட்கலாம். இந்தத் தொட்டியில் இதற்கு முன் என்ன இருந்தது? மீட்டர் எந்த எண்ணில் அலறும், அலறினால் முதலில் என்ன செய்வாய்? உள்ளே இருப்பவரிடமிருந்து பதில் வராவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பாய்? விஞ்சைச் சுற்றிக் காட்டு. பதில் வரவில்லையென்றால் அன்றைக்கு அந்தப் பெர்மிட்டில் கையெழுத்துப் போட முடியாது.